வார்டு மெம்பரின் ஐந்தாண்டுச் சேவை: கன்னடியன் கால்வாய்க் கரையிலிருந்து ஒரு மதிப்புரை

திருநெல்வேலி மாவட்டத்தின் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களிலும் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் இரு கட்டங்களாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தலின் வாக்குறுதிகள் வந்து பழையவற்றை மூடிவிடுமுன், எங்கள் வார்டு உறுப்பினரின் சேவையை, அதைப் பயன்படுத்திய குடிமகன் என்ற முறையில் மதிப்பிட்டு எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. எங்களுடையது, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு சிறிய ஊராட்சி. உறுப்பினரின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு அவை தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்கு அவற்றால் பயனில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு, குடிநீர், வாறுகால் (சாக்கடை) ஆகிய மூன்றிலும் இவரைவிட நல்ல உறுப்பினரை எங்கள் தெருக்கள் கண்டதில்லை. பெரிய தொகை புரளும் வேலைகளில் இவருடைய செயல்பாடு சுமார்தான். ஊராட்சியின் வரவு செலவைக் கேள்வி கேட்பதில் மோசம் என்றே சொல்ல வேண்டும். இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் காரணம் கீழே.

உள்ளாட்சித் தேர்தலில் ஊரக வாக்காளர் ஒருவர் நான்கு வாக்குச்சீட்டுகளில் முத்திரை குத்துகிறார்: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். கடைசி இரண்டும் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. முதல் இரண்டும் கட்சி சார்பற்றவை. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் ஒன்றியக் கவுன்சிலரும், 50,000 பேருக்கு ஒரு மாவட்டக் கவுன்சிலரும் இருக்க, வார்டு உறுப்பினர் சில நூறு பேருக்கு ஒருவராக, கூப்பிடு தொலைவில் இருக்கிறார். அந்த நெருக்கம் ஒன்றுதான் அவருடைய சொத்து. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்; உறுப்பினரின் கையெழுத்துக்கு அங்கே இடமில்லை. தொட்டி ஆபரேட்டருக்கோ தூய்மைக் காவலருக்கோ அவர் நேரடியாக உத்தரவிட முடியாது. சம்பளம் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் சொற்பமான அமர்வுப்படி உண்டு. ஆகவே இந்தச் சேவையை மதிப்பிடுகிறவர், அதிகாரமே இல்லாத ஒருவர் எதை நடத்திக் காட்டினார் என்று பார்க்க வேண்டுமே தவிர, சட்டமன்ற உறுப்பினரை அளக்கும் கோலால் இவரை அளக்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முந்தைய உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வேறு 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்ததைத் தொடர்ந்த வார்டு மறுவரையறையால் எங்கள் மாவட்டத்துக்கு அது 2021 வரை தள்ளிப்போனது. ஆக, முழுதாக ஐந்தாண்டுகள் தனி அலுவலரின் கீழ் இருந்தோம். தனி அலுவலரைக் குறை சொல்வதற்கில்லை. பல ஊராட்சிகளைத் தலையில் சுமந்தவர் எங்கள் ஊர் முடுக்கில் (சந்தில்) எரியாத விளக்கை எப்படி அறிவார்? விளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சிச் செயலரிடம் சொல்வோம். அவர் பிடிஓ ஆபீஸில் (வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்) சொல்வதாகச் சொல்வார். அதற்குப் பிறகு அந்த விஷயம் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதன் மதிப்பை அந்த ஐந்தாண்டுகளில்தான் உணர்ந்தோம்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டபின் எங்கள் மாவட்டத்துக்கு வந்த முதல் தேர்தல் அது. எதிர்பார்த்தபடியே, தொடக்கத்தில் மெம்பர் வீட்டுக்காரர்தான் மெம்பராக இருந்தார். போனை எடுப்பது அவர், டீக்கடையில் பதில் சொல்வது அவர், கூட்டத்துக்குக்கூட ஊராட்சி அலுவலக வாசல்வரை வந்து நிற்பவர் அவர். இது மாறியது எப்படி என்பதற்கு ஊரில் பல கதைகள் உலவுகின்றன. நான் நேரில் கண்டது இவ்வளவுதான்: ஒரு கட்டத்தில் அந்த அம்மாள் தீர்மானப் புத்தகத்தை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட மறுக்கத் தொடங்கினார். கூட்டத்தில் வாயால் பேசியது எதுவும் நடப்பதில்லை, புத்தகத்தில் ஏறியதுதான் பிறகு எஸ்டிமேட்டாகவும் பில்லாகவும் மாறுகிறது என்பதை அவர் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் வயல் வேலைக்குத் திரும்பினார். போனை இப்போது அந்த அம்மாளே எடுக்கிறார்.

அவரைச் சந்திப்பது எளிது. இப்பக்கத்துப் பெண்கள் பலரைப்போல அவரும் பீடி சுற்றுகிறவர். பகல் வேளையில் வளவுக்குள் நுழைந்தால், தார்சாவில் (வீட்டு முன்கட்டில்) மடியில் தட்டை வைத்து, நனைத்து வெட்டிய இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டிக்கொண்டே மனுவைக் கேட்பார். விரல் நிற்காது, காதும் நம் பக்கமே இருக்கும். நம்மைக் காக்க வைப்பதில்லை. அதே நேரம், சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தில் போனவர்களுக்குச் சரியான பதில் கிடைத்ததில்லை. கூலி எண்ணிக்கைக்குத்தான், எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையும் என்பதை மனதில் வைத்துப் போக வேண்டும்.

தெருவிளக்கு விஷயத்தில் இவருடைய முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வேறு ஊர் உறுப்பினர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. விளக்கும் அதற்கான மின்கட்டணமும் ஊராட்சியுடையவை. விளக்கு எரியவில்லை என்று யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஒத்தைக் கம்பமா, வரிசையா?” என்பது. ஒரு கம்பம் மட்டும் இருண்டிருந்தால் எல்இடி விளக்கோ, அதற்குள் மின்சாரத்தைச் சீராக்கும் ‘டிரைவர்’ என்ற பாகமோ போயிருக்கும். அது ஊராட்சியின் வேலை. ஒரு வரிசை முழுதும் இருண்டிருந்தால் விளக்குக்கான கம்பி அறுந்திருக்கும், அல்லது ஸ்விட்ச் பெட்டியில் கோளாறு இருக்கும். அதற்கு வயர்மேன் வர வேண்டும். இந்த ஒரு கேள்வியால் தவறான அலுவலகத்துக்கு அலையும் அலைச்சல் மிச்சமாகிறது. இரண்டாவது கேள்வி கம்பத்தின் எண். நான் முதல்முறை போனபோது எண் தெரியாமல் “பிள்ளையார் கோயிலுக்கு எதுத்தாப்பல” என்று சொன்னேன். “கோயிலுக்கு எதுத்தாப்பல ரெண்டு கம்பம் நிக்கி அண்ணாச்சி. நம்பரைப் பாத்துச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்றார். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் தேதி, கம்பத்து எண், யாரிடம் சொன்னது, என்றைக்கு எரிந்தது என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுபோய் வாசிக்கிறார். சண்டையும் இல்லை, குரல் உயர்வதும் இல்லை. எண்ணும் தேதியுமாக வாசிக்கப்படும் குறையை எந்தச் செயலரும் “பாக்கலாம்” என்று தள்ளிப்போட முடிவதில்லை. விளக்குகள் கையிருப்பில் இருக்கும் மாதங்களில் வேலை விரைவாக முடிகிறது. கையிருப்பு தீர்ந்துவிட்டால் மட்டும் வாரக்கணக்கில் இருட்டுதான். அதற்கு அவரிடம் மருந்தில்லை.

குடிநீரில் அவர் செய்தது இதைவிடப் பெரியது. எங்கள் வார்டில் மேட்டுத்தெருவும் கீழத்தெருவும் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் பெறுகின்றன. வால்வைத் திறந்தால் பள்ளத்தில் இருக்கும் கீழத்தெருவுக்கே தண்ணீர் முதலில் பாயும். மேட்டுத்தெருக் குழாய்களில் காற்றுதான் வரும். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் கணக்கு. குழாய் வந்ததே தவிர, மேட்டுத்தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வருவது நிற்கவில்லை. கீழத்தெருவில் வசதியுள்ள வீடுகள் சில மின்மோட்டாரை நேரடியாக இணைப்புக் குழாயில் மாட்டி உறிஞ்சின. இதில் அநியாயத்தோடு ஆபத்தும் உண்டு. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, ஓட்டையான இணைப்புகள் வழியே வெளியில் இருக்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். தெருவில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்ததற்கு இது காரணமாக இருக்கலாம் என்று சுகாதாரச் செவிலியர் ஒருமுறை சொன்னது உறுப்பினரின் காதில் விழுந்தது.

அவர் இரண்டு காரியங்கள் செய்தார். கீழத்தெரு தொடங்கும் இடத்தில் தனியாக ஒரு கேட் வால்வு வைக்கவும், தண்ணீர் விடும் நேரத்தின் முதல் பாதியில் அதை மூடி வைத்து மேட்டுத்தெருவுக்கு மட்டும் விடவும் தீர்மானம் போட வைத்தார். அதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய தொகை. அதிலிருந்து ஒரு வால்வு வாங்குவது யாருக்கும் பாரமில்லை. இரண்டாவது, மோட்டார். ஊராட்சி நோட்டீஸ் ஒட்டியபோது யாரும் மதிக்கவில்லை. இந்த அம்மாள் தன் கொழுந்தன் வீட்டு மோட்டாரை முதலில் கழற்ற வைத்தார். அதற்குப் பிறகு மற்ற வீடுகளுக்குப் போய்க் கேட்டபோது, மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கொழுந்தன் வீட்டோடு இன்றைக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை என்கிறார்கள். பதவியின் விலை அது. எல்லா மோட்டார்களும் போய்விட்டன என்று சொல்ல மாட்டேன். கோடையில், அதிகாலை இருட்டில், ஒன்றிரண்டு உறுமும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனாலும் மேட்டுத்தெருவில் குடம் நிறைகிறது.

தொட்டியைக் கழுவும் வேலையிலும் அவருடைய கண் உண்டு. மாதம் இரு முறை கழுவித் தொட்டித் தூணில் தேதி எழுதுவது வழக்கம். தேதியை மட்டும் எழுதிவிட்டுத் தொட்டியைக் கழுவாமல் விடுவதும் பல ஊர்களில் வழக்கம். அவர் ஏறிப் பார்ப்பதில்லை. கழுவும் நாளில் கீழே வெளியேறும் கசண்டு நீரைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவ்வளவு போதுமானதாக இருக்கிறது.

வாறுகால் விஷயத்தில் பாதி வெற்றி. சிமெண்ட் வாறுகால் முன்பே இருந்தது. அதில் மண்ணும் வாழை மட்டையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடந்தன. முறை வைத்து வார வைத்ததில் தெரு நாற்றம் குறைந்தது. ஆனால் வாறுகால் எங்கே போய் முடிகிறது என்பது யாரும் தொட விரும்பாத கேள்வி. எங்கள் ஊரில் அது வாய்க்காலில் விழுந்து, வயலுக்குப் போகிறது. இதைத் தடுக்க வாறுகாலின் முனையில் உறிஞ்சுகுழி அமைத்தார்கள். கோடையில் அது நன்றாக வேலை செய்கிறது. பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறந்து கால்வாய் நிறைந்து ஓடும் மாதங்களில், கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும்; குழி எதை உறிஞ்சும்? மழைக்காலம் முழுவதும் அது நிரம்பிய தொட்டியாக நின்று கொசுவை வளர்க்கிறது. வேறிடத்தில் நல்ல யோசனையாக இருந்திருக்கும். கால்வாய்க் கரைக்கு அது ஒத்துவரவில்லை. கழிவுநீரை வடிகட்டி விடும் அமைப்பு வேண்டும் என்று இரண்டாம் முறை தீர்மானம் போட்டிருக்கிறார், நிதி வரவில்லை.

இனி குறைகள். எங்கள் முடுக்கில் பேவர் பிளாக் பதித்த வேலையை அவருடைய பதவிக்காலத்தின் பெரிய சறுக்கல் என்று கருதுகிறேன். முடுக்கு மண்ணாக இருந்தபோது மழையில் சேறு. எல்லோரும் கேட்டுத்தான் அந்த வேலை வந்தது. பேவர் பிளாக் பதிக்க, பழைய தரையைத் தோண்டி மண்ணை அகற்றி, ஜல்லியும் மணலும் போட்டு இறுக்கி, அதன்மேல் கல்லை அடுக்க வேண்டும். அப்போதுதான் தெரு பழைய மட்டத்திலேயே இருக்கும். ஒப்பந்தக்காரர் தோண்டவில்லை. இருந்த தரைமேலேயே கிரஷர் மணலைக் கொட்டிக் கல்லை அடுக்கிவிட்டார். தெரு முக்கால் அடிக்குமேல் உயர்ந்தது. இரு பக்கமும் இருந்த பழைய வீடுகளின் நடை பள்ளத்துக்குள் போயிற்று. முதல் ஐப்பசி மழையிலேயே நாலைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தனியாக வாழும் ஒரு மூதாட்டி வாசலில் மூன்று செங்கல் உயரத்துக்குத் தடுப்புக் கட்டி, அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்வருகிறார். பேத்தி வந்தால் கைபிடித்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

வேலை நடந்தபோது உறுப்பினர் தினமும் அந்த வழியாகத்தான் போனார். கல் நேராக இருக்கிறதா, உடைந்த கல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தவர், மட்டத்தைப் பார்க்கவில்லை. எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கி, அதில் மண் அகற்றுவதற்குத் தொகை போட்டிருக்கிறதா என்று பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேலை முடிந்து பில்லும் போனபின், “ஓவர்சியர் அளந்துதானே கொடுத்தாரு” என்ற பதில்தான் எங்களுக்குக் கிடைத்தது. கம்பத்து எண்ணை விடாமல் கேட்கிறவர் எஸ்டிமேட்டை ஏன் கேட்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: ஆயிரங்களில் நடக்கும் வேலையில் அவருக்குத் தயக்கமே இல்லை, லட்சங்களில் நடக்கும் வேலையில் தலைவரும் ஒப்பந்தக்காரரும் அலுவலரும் இருக்கும் இடத்தில் தனக்குப் பேச இடமில்லை என்று அவரே ஒதுங்கிக்கொள்கிறார். சட்டம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

கிராமசபையிலும் இதே ஒதுக்கம். 2022இலிருந்து ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பெரும்பாலும் நூறு நாள் வேலைப் பெண்களே நிறைவு செய்கிறார்கள். வரவு செலவு அறிக்கை மூச்சுவிடாமல் வாசிக்கப்படும்; கேள்வி உண்டா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். எங்கள் உறுப்பினர் முன்வரிசை நாற்காலியில் இருக்கிறார். தன் வார்டு வேலைகளை எழுந்து வாசிக்கிறார், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் மோட்டார் பழுது, மோட்டார் பழுது என்று அறிக்கையில் திரும்பத் திரும்ப வரும் செலவைப் பற்றி ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் எழுந்து கேட்டபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தார், அதோடு சரி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வார்டின் ஒரு முனையில் இருக்கும் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை வயல் வரப்பு வழியாகத்தான். பயிர் நிற்கும் காலத்தில் சேற்றில் கால் புதையப் புதையத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பட்டா நிலம், பலருடைய பங்கு என்பதெல்லாம் உண்மையான சிக்கல்கள்தாம். வருவாய்த்துறைக்கு ஊராட்சித் தீர்மானத்தோடு கோரிக்கை அனுப்பலாம். அனுப்ப வேண்டும் என்று காலனிக்காரர்கள் இரண்டு கிராமசபைகளில் கேட்டார்கள். தெருவிளக்கு நோட்டில் இருக்கும் வேகம் இந்த விஷயத்தில் இல்லை. நில உரிமையாளர்களும் இவருக்கு வாக்களித்தவர்கள் என்பதே காரணம் என்று காலனியில் பேசிக்கொள்கிறார்கள். அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. இந்த மதிப்புரையை அங்கிருந்து ஒருவர் எழுதியிருந்தால் இவ்வளவு பாராட்டு இருந்திருக்காது.

பாராட்டுக்குத் திரும்பினால், எந்தக் குறையை எந்த வாசலில் சொல்ல வேண்டும் என்ற அறிவு இவரிடம் இருப்பதைப்போல் எங்கள் ஊரில் வேறு எவரிடமும் இல்லை. பேருந்து வரும் சாலையில் பள்ளம் என்றால் அது நெடுஞ்சாலைத்துறை; ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் சிறு சாலை என்றால் ஒன்றியம்; தெரு என்றால் ஊராட்சி. கால்வாயும் அதன் மடைகளும் நீர்வளத்துறை. குளம் என்றால், அதன் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஒன்றியம், அதற்கு மேற்பட்டால் நீர்வளத்துறை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாம் வருவாய்த்துறை. இது எதிலும் அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தபோது, பெயர் விடுபட்டிருந்த பாட்டிமார்களை உட்கார வைத்து மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துப்போனார். அங்கே நடக்காததைக் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். பஸ் காசு அவருடையது. ஒரு பாட்டிக்குப் பணம் வந்த நாளில் அவர் வளவு வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பழத்தையாவது வாங்கியிருக்கலாம் என்று பாட்டி இன்னும் குறைப்படுகிறார்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி இரு கரையையும் மீறிப் போயிற்று. எங்கள் ஊருக்குள் வெள்ளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டது. ஊரைச் சுற்றித் தண்ணீர், குடிக்கத் தண்ணீரில்லை. தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓட வேண்டுமே. உறுப்பினர் பந்தல்காரரிடம் போய், கல்யாண வீட்டுக்கு வைத்திருந்த டீசல் ஜெனரேட்டரை இறக்க வைத்தார். டீசலுக்குத் தெருவில் வசூல். தொட்டி நிறைந்தது, பிளீச்சிங் பவுடர் இரண்டு மடங்கு போட வைத்து, காய்ச்சிக் குடிக்கும்படி வீடுவீடாகச் சொல்லிப்போனார். அந்த வாரம் அவரை அதிகம் பார்த்தது தொட்டி அடியில்தான். பிற்பாடு நிவாரண டோக்கன் கொடுத்தபோது, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்ற சண்டையில் பாதி வசவு அவருக்கே வந்தது. டோக்கன் பட்டியல் அவர் கையில் இல்லை என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை.

நாய்த் தொல்லையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் ஒன்றும் செய்யவில்லை. குப்பையும் அப்படித்தான்: பேட்டரி வண்டி வருகிறது, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி கொடுத்தார்கள், இரண்டும் எங்கள் வீடுகளில் மாவு கரைக்கவும் துணி ஊறப்போடவும் பயன்படுகின்றன. பிரிக்காத குப்பை ஊருக்கு வெளியே எரிகிறது. இதற்கு உறுப்பினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவைப் பொறுத்தவரை, இந்தச் சேவைக்கு நாங்கள் தனியாக எதுவும் கொடுத்ததில்லை, அவர் கேட்டதுமில்லை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும்தான். வரி பாக்கி உள்ளவர் குறை சொல்ல வந்தால், குறையைக் கேட்டு எழுதிக்கொண்டு, பாக்கியையும் நினைவூட்டுகிறார். சிலருக்கு அது பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

புதிதாக எங்கள் வார்டுக்குக் குடிவருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். போனில் சொன்னால் கேட்டுக்கொள்வார்; ஆனால் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் நோட்டில் ஏறும். மனு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர் தயங்காமல் போடுவார். விளக்கு என்றால் கம்பத்து எண், குழாய் என்றால் எந்த வால்வுக்குக் கீழே என்பது, வாறுகால் என்றால் எந்த வீட்டிலிருந்து எந்த வீடுவரை அடைப்பு என்பது. வேலை பெரியதாக இருந்தால் அவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேலை தொடங்குமுன் நான்கைந்து பேராகப் போய் எஸ்டிமேட் நகலைக் கேட்கச் சொல்லுங்கள், கூடவே ஒரு மட்டக்குழாயும் எடுத்துப் போங்கள். பேவர் பிளாக்கைப் பெயர்த்து மட்டம் இறக்கக் கோரி எங்கள் முடுக்கிலிருந்து கொடுத்த மனு அவருடைய நோட்டில் இருக்கிறது. கடைசிக் கட்டம் இன்னும் காலி.